பதினொன்றாவது ஆள்

காலை ஏழு ஐம்பதுக்கு வடுவூர் ஏரிக்கரையில் காரின் முன்சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

"ஷாக் அப்சார்பர் மூணாவது தடவை மாத்தினது போன மாசம்," என்றார் ஜெகபர் அலி. "மெக்கானிக் அன்னைக்கே சொல்லிட்டான். பாய், மாத்த மாத்த ஆயுசு குறையும்னு. டாக்டருங்க மட்டும் ஏன் மேடம் அப்படிச் சொல்ல மாட்டேங்கிறாங்க?"

"ஒரு டாக்டர் சொன்னாரு. அதனாலதான் நமக்கு இந்த வேலை."

குந்தவை கைப்பேசியில் அந்த வீடியோவை மறுபடி ஓடவிட்டாள். நாற்பது விநாடி. தூரத்தில் ஒரு உருவம் வரப்பில் நடந்து போகிறது. தலையில் துண்டு. தோளில் மம்பட்டி. கட்டம் போட்ட நீலச் சட்டை. கையில் தடி இல்லை. முகம் தெரியவில்லை.

பதினோரு வருடம் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்துக் காயங்களைச் சரிபார்த்தவள் குந்தவை. வேலையை விட்டுவிட்டுத் தஞ்சாவூர் கீழ ராஜ வீதியில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் போட்டாள். கம்பெனியில் அவளுக்குக் கார் ஓட்டிய ஜெகபர் அலியும் கூடவே வந்துவிட்டார். அவர் காரும் வந்தது. அவர் பேச்சும் வந்தது.

எட்டு நாட்களுக்கு முன் எழில்மொழி அந்த மாடிப்படி ஏறி வந்தாள். ஒரத்தநாட்டுப் பக்கம் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். வயது முப்பத்தொன்பது. கல்யாணமாகவில்லை. தம்பி மதிவாணன் சிங்கப்பூரில். "நீ பார்த்து முடிவு பண்ணுக்கா" என்று அவன் சொல்லிவிட்டான்.

முடிவு அப்பாவைப் பற்றியது. பஞ்சநதத்துக்கு எழுபத்தோரு வயது. ஒரு தடவை இடுப்பு மூட்டு மாற்றினார்கள். ஏழு வருடத்தில் அது ஆட்டம் கண்டது. பிரித்து வேறு வைத்தார்கள். இப்போது அதுவும் ஆடுகிறது. இரண்டு வருடமாகப் படுக்கை. மூன்றாவது தடவை திறக்கலாம் என்றார் டாக்டர் ஹரிஹரசுப்ரமணியன். மயக்க மருந்து டாக்டர் வேறு மாதிரி பேசினார். இதயத்தில் ஏற்கெனவே இரண்டு ஸ்டென்ட். ஆபரேஷன் மேஜையிலிருந்து எழுந்திருப்பார் என்று என்னால் எழுதித் தர முடியாது என்றார்.

"மாத்தினா பத்து வருஷத்துக்கு அப்புறம் எப்படி இருப்பாருன்னு கேட்டேன்," என்று எழில்மொழி சொன்னாள். "டாக்டர் ஒரு லிஸ்ட் கொடுத்தாரு. அவரு கையால ரெண்டாவது தடவை மூட்டு வச்சு, பத்து வருஷம் தாண்டினவங்க. பதினோரு பேரு. நீங்களே விசாரிச்சுக்குங்கம்மான்னாரு. எனக்கு லீவு இல்லை மேடம். நீங்க போய்ப் பாருங்க. வயல் வரைக்கும் நடந்து போறவர் ஒரே ஒருத்தரைக் காட்டுங்க. கையெழுத்துப் போடறேன்."

எட்டு நாளில் பத்துப் பேரைப் பார்த்தாகிவிட்டது.

நான்கு பேர் இறந்திருந்தார்கள், மூட்டினால் இல்லை, வயதினால். இரண்டு பேருக்கு வேறு ஊரில் மறுபடி திறந்திருந்தார்கள். ஒருவர் சென்னையில் மகள் வீட்டு மூன்றாவது மாடியில் இருந்தார். போன தீபாவளிக்குப் பிறகு கீழே இறங்கவில்லை. இரண்டு பேர் வாக்கரைப் பிடித்துக் கழிவறை வரை போனார்கள். அதைப் பெருமையாகச் சொன்னார்கள். திருவிடைமருதூர் ஆனந்தம் மாமி கட்டிலை ஜன்னல் பக்கம் போடச் சொல்லி, கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

பதினொன்றாவது பெயர் துரைராசு. மன்னார்குடி தாண்டி கீழமருதங்குடி. மூட்டு வைத்துப் பன்னிரண்டு வருடம். பட்டியலில் அந்தப் பெயருக்கு எதிரே மட்டும் டாக்டர் ஒரு டிக் போட்டிருந்தார். வீடியோ அவருடையதுதான். ஆஸ்பத்திரியின் பிசியோதெரபிஸ்ட் பர்வின் போன ஐப்பசியில் எடுத்தது.

"போன் பண்ணினீங்களே, அவரே சொன்னாருல்ல நடக்கிறேன்னு?" என்றார் ஜெகபர் அலி.

"போன்ல எல்லாரும் நடப்பாங்க பாய்."

"அதுவும் சரி. என் மச்சான் பத்து வருஷமா 'வந்துக்கிட்டே இருக்கேன்'ங்கிறான்."

இன்று பதினோரு மணிக்குப் பஞ்சநதத்துக்கு ஆபரேஷன். ஒன்பதரைக்குள் படிவத்தில் எழில்மொழியின் கையெழுத்து வேண்டும்.

கீழமருதங்குடியில் மழை விட்டு நீர் தேங்கியிருந்தது. இரு பக்கமும் சம்பா நடவு. ஊர் முனையில் ஒரு டீக்கடை. ஜெகபர் அலி கண்ணாடியை இறக்கினார்.

"அண்ணே, துரைராசு வீடு?"

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "அதோ பச்சை கிரில் கேட்டு. ஆனா ஆளு இருக்க மாட்டாரு. விடிகாலையிலயே வயலுக்குப் போயிட்டாரு. நல்லா நடப்பாரு மனுஷன்."

பெஞ்சில் இருந்த இரண்டு பேர் தலையாட்டினார்கள். ஒருவர் பேப்பரைத் திருப்பினார்.

கார் நகர்ந்தது. ஜெகபர் அலி கொஞ்ச தூரம் பேசாமல் ஓட்டினார். அது அபூர்வம்.

"மேடம், நான் திருவாரூர்க்காரன். இந்த ஜில்லாவுல டீக்கடையில நின்னு வீடு கேட்டா, நீங்க யாரு, எந்த ஊரு, அவருக்கு என்ன முறைன்னு மூணு கேள்வி வரும். கல்யாணப் பத்திரிகைன்னு சொன்னா மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம்னு நாலாவது வரும். இவங்க ஒண்ணுமே கேட்கலை."

"ம்."

"நாம கேட்டது வீடு. அவரு சொன்னது நடை."

"யாரு வந்தாலும் சொல்றதுக்கு ஒரே பதில் வச்சிருக்காங்க," என்றாள் குந்தவை. "வர்றவங்க யாருன்னு அவங்களுக்கு முன்னாலயே தெரியும்."

பச்சைக் கிரில் கேட் வெளியே சங்கிலி போட்டிருந்தது. பூட்டு இல்லை. தளம் போட்ட சின்ன வீடு. முன்புறம் அடிபம்பு. பக்கத்தில் ஒரு அலுமினிய வாக்கர் நின்றது. அதன் மேல் இரண்டு கைலி காய்ந்தது.

ஜெகபர் அலி கேட்டுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். பிறகு குனிந்து, கம்பி வழியாகக் கையை விட்டு, வாக்கரின் ஒரு காலைத் தூக்கினார்.

"புது டயர்ல சின்னச் சின்னதா ரப்பர் முள்ளு நிக்கும், பார்த்திருக்கீங்களா? நூறு கிலோமீட்டர் ஓடினா உதிர்ந்துடும். இதுல நாலு கால்லயும் அப்படியே இருக்கு. அலுமினியம் பழசு. ரப்பர் புதுசு. இது துணி காயப்போட மட்டுந்தான் நடந்திருக்கு."

"நல்லா நடக்கிறவருக்கு வாக்கர் எதுக்குன்னும் சொல்லலாம்."

"சொல்லலாம். சொல்லணும்னு எனக்கும் ஆசைதான் மேடம்."

வீட்டின் வெளிச்சுவரில் ஒரு ஆணி. அதில் நீலக் கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை. வீடியோவில் இருந்த அதே சட்டை. நேற்றைய சேறு காய்ந்து வெளுத்திருந்தது. முன்பக்கம் சுத்தமாக இருந்தது. கைகளில் மட்டும் முழங்கை வரை சேறு.

குந்தவை அதையே பார்த்தாள்.

"மம்பட்டி பிடிக்கிறவங்களுக்குச் சேறு எங்க இருக்கும் பாய்?"

"கால்ல. வேட்டியில. ஒரு கொத்து தப்பாப் போட்டா மூஞ்சியில."

"முழங்கை வரைக்கும்?"



குந்தவை கைப்பேசியை எடுத்தாள். எட்டு நாளில் அந்த வீடியோவை முப்பது தடவை பார்த்திருப்பாள். முப்பது தடவையும் கால்களைத்தான் பார்த்தாள். எந்தக் கால் இழுக்கிறது, இடுப்பு சாய்கிறதா, அடிக்கு அடி எவ்வளவு இடைவெளி. இந்தத் தடவை கைகளைப் பார்த்தாள்.

முப்பத்தோராவது விநாடியில் அந்த உருவம் நின்றது. மம்பட்டியை வரப்பில் வைத்தது. தண்ணீரில் மிதந்த ஒரு நாற்றை எடுத்தது. முழங்கால் மடங்காமல், இடுப்பிலிருந்து அப்படியே குனிந்து, கட்டை விரலால் அதைச் சேற்றில் ஊன்றியது. ஒரு அடி பின்னால் வைத்தது. வலது கை இடது கையை நோக்கிப் போனது. இடது கையில் ஒன்றும் இல்லை. வலது கை வெறுமனே திரும்பியது.

"மறுபடி போடுங்க," என்றார் ஜெகபர் அலி.

போட்டாள்.

"அடுத்த நாத்தை எடுக்கப் போகுது அந்தக் கை. இடது கையில நாத்து முடி, அதான் நாத்துக் கட்டு, இருக்கும்னு நினைச்சுக்கிட்டு." அவர் குரல் இறங்கியது. "எங்க பக்கம் ஆம்பளை நாத்து பறிப்பான். முடி கட்டுவான். தூக்கிக்கிட்டுப் போய் வீசுவான். குனிஞ்சு நட மாட்டான். நட்டான்னா அவனுக்கு எவனும் பொண்ணு கொடுக்க மாட்டான். பின்னால அடி வச்சு நடறது பொம்பளைங்க வேலை. முப்பது வருஷம் நட்டவங்களுக்குத்தான் கை அப்படிப் போகும்."

குந்தவை திரையை நிறுத்தினாள். டாக்டர் ஹரிஹரசுப்ரமணியன் எல்லோருக்கும் ஒரு அச்சடித்த தாள் கொடுப்பார். எழில்மொழியிடமும் இருந்தது. அதில் முதல் வரி: குனியக் கூடாது. குனிந்தால் மாற்றி வைத்த மூட்டு நழுவும்.

"நாம வயல் வரைக்கும் நடக்கிற ஆளைத் தேடறோம்," என்றாள். "டாக்டரும் அதைத்தான் தேடினாரு. அதனாலதான் யாரு நடக்கிறாங்கன்னு யாரும் பார்க்கலை."

அப்போது வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

வெளியே சங்கிலி போட்ட வீட்டுக்குள் ஒரு ஆண் பேசிக்கொண்டிருந்தார். நிதானமான, கனத்த குரல். இருவரும் கேட்டைத் திறக்காமல், வெளியே சுவரை ஒட்டிப் பின்பக்கம் போனார்கள். அங்கே ஒரு ஜன்னல், இரண்டு கதவும் அகலத் திறந்திருந்தது. ஜன்னலிலிருந்து பத்தடியில் வயல் தொடங்கியது. கொக்குகள் நின்றன. எங்கோ ஒரு மோட்டார் ஓடியது.

"வரப்புலேர்ந்துதான் பேசறேன்," என்றது குரல். "மோட்டார் சத்தம் கேட்குதுங்களா? அதான். தண்ணி பாயுது... வலியா? மழைக்கு லேசா இருக்கும். யாருக்குத்தான் இல்லை? பன்னெண்டு வருஷம் ஆச்சு. தைரியமாப் படுங்க. எழுந்து நடந்து, ஒரு நாளு நம்ம ஊருக்கு வாங்க."

குந்தவை ஜன்னலருகே போகவில்லை. போகத் தேவையில்லை.

"யாரு அது?"

பின்னால் வயலிலிருந்து ஒரு பெண் ஏறி வந்தாள். அறுபது இருக்கும். சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகி, மேலே வேறொரு ஆண் சட்டை போட்டிருந்தாள். தலையில் துண்டு. தோளில் மம்பட்டி.

"ஆஸ்பத்திரியா?" என்றாள். உடனே, மனப்பாடமாக, "அவரு வயலுக்குப் போயிருக்காரு."

"வீடியோவுல நல்லா நடந்தீங்கம்மா," என்றார் ஜெகபர் அலி.

கேலியாகத்தான் சொல்ல நினைத்தார். அப்படி வரவில்லை.

அவள் மம்பட்டியை இறக்கிச் சுவரில் சாய்த்தாள். பெயர் பூவம்மாள். துரைராசுவின் மனைவி.

"அந்தப் பொண்ணு பர்வின் மழையில வந்துச்சு," என்றாள். "வரப்பு வழுக்குதுன்னு ரோட்டுலயே நின்னுட்டுது. ஐயா எங்கன்னு கை காட்டிக் கேட்டுச்சு. நான் வரப்புல போய்க்கிட்டிருந்தேன். என்னன்னு புரியறதுக்குள்ள போனைத் தூக்கிப் படம் எடுத்துட்டுது. சூப்பர்னு விரலைக் காட்டிட்டு வண்டியில ஏறிட்டுது."

"கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே?"

"அவ்வளவு தூரம் நனைஞ்சுக்கிட்டு வந்த பொண்ணு. சிரிச்சுக்கிட்டே போச்சு." பூவம்மாள் கால்களைக் கழுவினாள். "உள்ள வாங்க. வந்தது வந்துட்டீங்க."

சங்கிலியை எடுத்தாள்.

துரைராசு ஒரு காலத்தில் பெரிய ஆளாக இருந்திருக்க வேண்டும். தோள்கள் இன்னும் அகலமாக இருந்தன. இடுப்புக்குக் கீழே போர்வை. போர்வைக்கு வெளியே இரண்டு பாதங்கள். ஒன்று மற்றதைவிடக் கையகலம் மேலே இருந்தது, வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி. மார்பில் கைப்பேசி.

அவர் குந்தவையைப் பார்த்தார். ஜெகபர் அலியைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். அவள் தலையை அசைத்தாள்.

"எத்தனை வருஷம் ஆச்சு?" என்றாள் குந்தவை.

"படுத்தா? ஏழு." அவர் குரல் போனில் கேட்டதைவிடச் சின்னதாக இருந்தது. "முதல் அஞ்சு வருஷம் நடந்தேம்மா. நிஜமா நடந்தேன். அப்புறம் உள்ள சீழ் வச்சுது. திருச்சியில வேற ஆஸ்பத்திரி. மூட்டை எடுத்துட்டாங்க. சீழ் நின்னா மறுபடி வைக்கலாம்னாங்க. நிக்கறதுக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. அப்புறம் வைக்கிறதுக்கு எலும்பு இல்லைன்னுட்டாங்க."

"தஞ்சாவூர் டாக்டருக்குச் சொல்லலையா?"

"திருச்சியில கிடந்தப்ப அவரே போன் பண்ணினாரு. வருஷா வருஷம் பண்ணுவாரு. அன்னைக்கு அவரு சம்சாரம் தவறிப் பத்தாவது நாளு. எனக்குச் சேதி தெரியும். துரைராசு, நீங்களாவது நடக்கிறீங்களான்னு கேட்டாரு." அவர் ஜன்னலைப் பார்த்தார். "துக்கத்துல இருக்கிற மனுஷன். என்ன சொல்றது? நடக்கிறேன் டாக்டர்னேன்."

"அடுத்த வருஷம்?"

"அதுக்குள்ள ஒருத்தர் போன் பண்ணிட்டாரு. பட்டுக்கோட்டைக்காரர். டாக்டர் உங்க நம்பர் கொடுத்தாரு, நடக்கிறீங்களாமேன்னாரு. ஆபரேஷனுக்கு மொத நாளு. பயந்து நடுங்கறாரு. அவருகிட்ட மட்டும் இல்லைன்னு எப்படிச் சொல்றது?"

"மொத்தம் எத்தனை பேரு?"

"எண்ணலைம்மா."

"முப்பத்தேழு," என்றாள் பூவம்மாள். "இன்னைக்குப் பேசினவரோட முப்பத்தெட்டு. நேர்ல வந்தவங்க ஆறு. அதுக்குத்தான் டீக்கடையில சொல்லி வச்சது. கேட்டை வெளிய சாத்திட்டுப் போறது."

"ஊருக்கே நடக்கக் கத்துக் கொடுத்திருக்கீங்க," என்றார் ஜெகபர் அலி.

யாரும் சிரிக்கவில்லை. அவரும்.

"ஆபரேஷன் ஆனப்புறம் யாராவது திரும்பக் கூப்பிட்டாங்களா?" என்றாள் குந்தவை.

துரைராசு போர்வையை இழுத்துப் பாதத்தை மூடினார். "ஒரு பையன் கூப்பிட்டான். அப்பா போயிட்டாருங்க, உங்ககிட்ட நன்றி சொல்லச் சொன்னாருன்னான்."

மோட்டார் நின்றது. கொக்குகள் எழுந்து வேறு வயலில் இறங்கின.

குந்தவை கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பது பதினைந்து.

"நான் எதுக்கு வந்தேன்னு சொல்லிடறேன். இன்னைக்குப் பதினோரு மணிக்கு ஒருத்தருக்கு ஆபரேஷன். இருதயம் சரியில்லாதவரு. நீங்க நடக்கிறீங்கன்னு தெரிஞ்சா அவரு மகள் கையெழுத்துப் போடும். அந்தப் பொண்ணுகிட்ட நான் இப்ப உண்மையைச் சொல்லப் போறேன்."

"பேரு?"

"பஞ்சநதம். ஒரத்தநாடு."

துரைராசு கண்களை மூடினார். அவமானத்தில் மூடுகிறார் என்றுதான் குந்தவை நினைத்தாள்.

"இப்ப போன்ல பேசினது வேற ஆளு. அவருகிட்ட நான் பொய் சொல்லலைம்மா, பஞ்சநதத்துக்கிட்ட," என்றார்.

பூவம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

"மூணு நாளா பேசறாரு. எல்லாரும் நடக்கிறீங்களான்னு கேட்பாங்க. அவரு அதைக் கேட்கவே இல்லை. எடுத்த எடுப்புல, அண்ணே, உங்களைக் காலையில யாரு தூக்கி உட்கார வைக்கிறதுன்னாரு." அவர் மனைவியைப் பார்க்காமல் பேசினார். "அதுக்குப் பொய் தயாரா இல்லை என்கிட்ட. வாயில வரலை. அந்த மனுஷனுக்குப் புரிஞ்சு போச்சு."

"என்ன சொன்னீங்க?"

"எல்லாத்தையும். சீழ், திருச்சி, எலும்பு, இவ. ஏழு வருஷத்துல இவ ஒரு கல்யாணத்துக்குப் போகலை. அதையும் சொன்னேன். அவரு கேட்டுக்கிட்டே இருந்தாரு. அப்புறம், சரிண்ணே, அப்ப நான் ஆபரேஷன் பண்ணிக்கிறேன்னாரு."

ஜெகபர் அலி தலையை நிமிர்த்தினார். "தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான். நடக்கிறதுக்கு இல்லைங்க. மயக்க மருந்து டாக்டர் சொன்னாராமே, எழுந்திருப்பாருன்னு எழுதித் தர முடியாதுன்னு? அதை மூணு தடவை கேட்டு வாங்கிக்கிட்டாராம்." துரைராசு கண்ணைத் திறந்தார். "என் பொண்ணுக்கு முப்பத்தொன்பது வயசு, ரெண்டு வருஷமா என் மூத்திரத்தை அள்ளுதுன்னாரு. இன்னும் பதினஞ்சு வருஷம் அள்ளணுமான்னாரு. நான் என்ன பதில் சொல்ல முடியும்? இங்க படுத்துக்கிட்டு?"

"என்னைக் கேட்டாரா?" என்றாள் பூவம்மாள். குரல் உயரவில்லை. "அள்ளுறவளை ஒருத்தரும் கேட்கலையா?"



"அவரு ஒண்ணே ஒண்ணு கேட்டாரு," என்றார் துரைராசு, குந்தவையிடம். "பொண்ணு விசாரிக்க ஆள் வச்சிருக்கு, அவங்க வந்தா நீங்க நடக்கிறதாவே இருக்கட்டும்னாரு. அதுக்காகத்தான் இன்னைக்குக் கேட்டை சாத்திட்டுப் போகச் சொன்னேன். மத்தவங்களுக்கு இல்லை. உங்களுக்கு."

குந்தவை அறையைச் சுற்றிப் பார்த்தாள். எட்டு நாளாக அவள் ஒரு பொய்யைத் துரத்தினாள். பிடித்துவிட்டாள். இந்தக் கையெழுத்தில் சம்பந்தப்பட்டவர்களில் அது பொய் என்று தெரியாமல் இருப்பது இனி இரண்டு பேருக்குத்தான். டாக்டருக்கும் எழில்மொழிக்கும்.

"சொல்லிட்டா என்ன ஆகும்?" என்று கேட்டார் ஜெகபர் அலி. துரைராசுவிடம் கேட்டாரா, அவளிடம் கேட்டாரா என்று தெரியவில்லை.

"அந்தப் பொண்ணு கையெழுத்துப் போடாது," என்றார் துரைராசு. "அவரு வீட்டுக்குப் போவாரு. இந்த மாதிரி ஒரு கட்டில். பொண்ணுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கும், அப்பன் எதுக்கு அந்த மேஜையில படுக்கப் பார்த்தான்னு. தெரிஞ்சுக்கிட்டே தூக்கி உட்கார வைக்கும், தினம். சொல்லலைன்னா..." அவர் நிறுத்தினார். "பிழைச்சுக்கிட்டாலும் பாருங்க, நடப்பாருன்னு என்ன இருக்கு? ரெண்டு பக்கமும் ஒண்ணுதாம்மா. ஏழு வருஷமா யோசிச்சுட்டேன். வேற வழி இருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

பூவம்மாள் சட்டையைக் கழற்றி உள்ளே ஒரு ஆணியில் மாட்டினாள். அடுப்படிக்குப் போனாள். பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது. வந்தவர்களுக்குக் காபி போடுகிறாள் போல.

குந்தவையின் கைப்பேசி அதிர்ந்தது. எழில்மொழி.

"பாய், நீங்க வெளிய இருங்க," என்றாள்.

ஜெகபர் அலி அசையவில்லை.

அவள் எடுத்தாள். பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம். யாரோ ஒரு பெயரைக் கூப்பிட்டார்கள். சக்கரக் கட்டில் ஒன்று உருண்டு போனது.

"மேடம், எங்க இருக்கீங்க?"

"துரைராசு வீட்ல."

"பார்த்துட்டீங்களா?"

"பார்த்துட்டேன்."

"அப்பாடா." எழில்மொழி மூச்சு விட்டாள். "நீங்க அவர் வீட்டுக்குத்தான் போயிருக்கீங்கன்னு அப்பாகிட்ட இப்பத்தான் சொன்னேன். உடனே முகமே மாறிப் போச்சு மேடம். அவங்க வேலை முடிஞ்சுதும்மா, நல்ல சேதிதான் வரும்னாரு. காலையில ஷேவ் பண்ணிவிடச் சொன்னாரு. தம்பிக்குப் போன் போட்டுச் சிரிச்சுச் சிரிச்சுப் பேசினாரு. ரெண்டு வருஷத்துல இப்படிச் சிரிச்சு நான் பார்க்கலை. அஞ்சு நிமிஷம் முன்னால என் கையைப் பிடிச்சுக்கிட்டு, இனிமே நீ லீவு போட வேண்டாம்டான்னாரு."

குந்தவை துரைராசுவைப் பார்த்தாள். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நர்ஸ் நிக்கிறாங்க மேடம், படிவத்தை வச்சுக்கிட்டு," என்றாள் எழில்மொழி. "கையெழுத்துப் போட்டுடட்டுங்களா?"